ஒரு சொட்டில் எத்தனை மில்லிகிராம்?



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி பெங்களூரிலிருந்து போன் செய்தாள். அவள் குழந்தைக்கு இரண்டு மாதம். இரண்டு கண்ணிலும் பிறவிப் புரை. மதுரையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். "மயக்க மருந்தைப் பற்றி டாக்டர் நல்லா விளக்கிட்டாங்க சார், அதுல பயமில்ல. கண்ணு பாப்பாவை விரிக்க ஒரு சொட்டு மருந்து போடுவாங்களாம். அதுல பிரஷர் ஏறும், இதயத்தைப் பாதிக்கும்னு எங்கயோ படிச்சேன். ஒரு சொட்டு அப்படியெல்லாம் செய்யுமா?" என்றாள்.

செய்யும். அளவு தவறினால் செய்யும். ஆனால் அளவு என்பதைக் கண்டுபிடிக்கவே உலகத்துக்குச் சுமார் இருநூறு ஆண்டுகள் ஆயின. போனில் சொல்லி முடிக்கக்கூடிய கதை இல்லை. அவளைப் போலக் கைக்குழந்தையோடு இருக்கும் மாணவிகள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பதால் இங்கேயே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, விலங்கியல் வாத்தியார். எந்த மருந்து, எத்தனை சொட்டு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் பழைய பாடம். கண்ணின் நடுவே கறுப்பாகத் தெரிகிற வட்டம் ஒரு பொருள் அல்ல, ஒரு துவாரம். அதைத்தான் பாப்பா என்கிறோம். புலவர்கள் பாவை என்பார்கள். பாவை என்றால் பொம்மை. எதிரே நிற்பவரின் உருவம் அதில் சின்னப் பொம்மை போலத் தெரிவதால் வந்த பெயர். லத்தீன் மொழியிலும் அதற்குச் சின்னப் பொம்மை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த ஒற்றுமையை வகுப்பில் சொன்னபோது கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறது.

துவாரத்தைச் சுற்றியுள்ள நிறத்திரைதான் ஐரிஸ். அதில் இரண்டு தசைகள். ஒன்று வளையமாக ஓடுவது, சுருக்குப்பையின் கயிறு மாதிரி. அது இறுகினால் பாப்பா சுருங்கும். இன்னொன்று குடைக்கம்பி மாதிரி நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடுவது. அது இழுத்தால் பாப்பா விரியும். ஆக, பாப்பாவை விரிக்க இரண்டே வழி. சுருக்குக் கயிற்றைச் செயலிழக்கச் செய்யலாம், அல்லது குடைக்கம்பியை இழுத்துவிடலாம். அட்ரோபின், சைக்ளோபென்டோலேட், டிராபிகமைடு எல்லாம் முதல் வகை. ஃபினைலெஃப்ரின் இரண்டாம் வகை. இந்தப் பிரிவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

புரை ஆபரேஷனுக்கு எதற்காக விரிக்க வேண்டும்? புரை விழுகிற லென்ஸ் ஐரிஸுக்குப் பின்னால் இருக்கிறது. நம்மூர் வீட்டில் முகப்பைத் தாண்டித்தான் வளவுக்குப் போக முடியும். முகப்பு வாசல் ஒருக்களித்துக் கிடந்தால் வளவில் இருக்கும் பீரோவை எப்படி வெளியே கொண்டுவருவது? பச்சைக் குழந்தைகளின் பாப்பா இயல்பாகவே சிறிது. விரிப்புத் தசையும் சரியாக வளர்ந்திருக்காது. கருவி பட்டதும் பாதியில் சுருங்கிக்கொள்ளவும் பார்க்கும். நம்மைப் போன்ற கரிய கண்களில் இன்னொரு சிரமமும் உண்டு. ஐரிஸில் இருக்கும் நிறமி மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் வெள்ளைக்காரர்களின் நீலக் கண் விரிவதை விட மெதுவாகத்தான் விரியும். "இன்னும் ஒரு சொட்டு விடு" என்ற பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இனி கதைக்கு வருகிறேன். கதை ஊமத்தையில் ஆரம்பிக்கிறது.

கண்மாய்க் கரையில், குப்பை மேட்டில் வெள்ளைப் புனல் மாதிரிப் பூத்து, முள்ளுக் காயோடு நிற்குமே, அதேதான். உன்மத்தம் என்ற சொல்தான் ஊமத்தம் ஆனது. பித்துப் பிடிக்க வைக்கும் செடி. சிவபெருமான் சடையில் சூடுகிற பூ என்பதால் நம் பக்கத்தில் அதற்குக் கோயிலிலும் இடமுண்டு. அதன் விதையைத் தெரியாமல் தின்ற பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. வாய் வறண்டு, முகம் சிவந்து, உடம்பு கொதித்து, வியர்வை நின்று, பாப்பா இரண்டும் அகல விரிந்து, இல்லாததைப் பார்த்து உளறும். இத்தனைக்கும் காரணமான சரக்கில் முக்கியமானது அட்ரோபினும் அதன் பங்காளிகளும். ஐரோப்பாவில் பெல்லடோனா என்ற செடியிலும் அதே சரக்கு. இத்தாலிய மொழியில் அதற்கு 'அழகிய பெண்' என்று பொருள். கண் பெரிதாகத் தெரிய அங்கே பெண்கள் அதன் சாற்றை விட்டுக்கொண்டார்கள் என்பார்கள். அழகுக்காகப் பார்வையை மங்கவைத்துக்கொள்வது எந்த நாட்டிலும் உண்டு போலிருக்கிறது.

1800ஆம் ஆண்டை ஒட்டி ஜெர்மனியில் ரெய்மாரஸ், ஹிம்லி என்ற இரண்டு மருத்துவர்கள் இந்தச் சாற்றைப் புரை ஆபரேஷனுக்கு முன்னால் பாப்பாவை விரிக்கப் பயன்படுத்தலாம் என்று காட்டினார்கள். 1819இல் யேனா நகரில் ரூங்கே என்ற இளம் வேதியியலாளர் ஒரு பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு கவிஞர் கதேயைப் பார்க்கப் போனார். பூனையின் கண்ணில் பெல்லடோனாச் சாறு விட்டிருந்தார். பாப்பா விரிந்திருந்ததைப் பார்த்துக் கதே வியந்து, "இதையும் ஆராய்ந்து பார்" என்று ஒரு பிடி காப்பிக்கொட்டையைப் பரிசாகக் கொடுத்தார். அதிலிருந்துதான் ரூங்கே காஃபீனைப் பிரித்தெடுத்தார். காலையில் டிகிரி காப்பி குடிக்கும்போது அந்தப் பூனைக்கும் ஒரு நன்றி சொல்லுங்கள்.

அதே 1819இல் சென்னையில் கண் ஆஸ்பத்திரி தொடங்கியது. இன்றைக்கு எழும்பூர் கண் ஆஸ்பத்திரி என்று நாம் சொல்கிறோமே, அதுதான். லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து உலகின் பழமையான கண் மருத்துவமனைகளில் ஒன்று. ஏறக்குறைய அதே காலத்தில் தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் கண் நோயாளிகளின் கண்களைப் படமாக வரைந்து, யாருக்கு என்ன கோளாறு, என்ன செய்தோம் என்று குறித்து வைத்திருந்தார். அந்தத் தாள்கள் சரசுவதி மகாலில் இருக்கின்றன. ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தாள் போட்டு எழுதிய மன்னரை நான் மிகவும் மதிக்கிறேன். சொட்டு மருந்தின் கதையில் பின்னால் உயிர்களைக் காப்பாற்றியது இந்த எழுதி வைக்கிற பழக்கம்தான்.

1830களில் செடியிலிருந்து அட்ரோபினைத் தூய பொடியாகப் பிரித்துவிட்டார்கள். சாறு என்றால் ஒருநாள் வீரியமாக இருக்கும், ஒருநாள் நீர்த்திருக்கும். பொடி என்றால் நிறுத்துக் கரைக்கலாம். சதவீதம் என்ற சொல் அதன் பிறகே கண் மருந்துக்குள் வந்தது. வந்ததோடு ஒரு மயக்கத்தையும் கொண்டுவந்தது. ஒரு சதவீதம் என்றால் காதுக்குக் கொஞ்சமாகத்தானே கேட்கிறது?

கணக்குப் போடுவோம். நான் விலங்கியல்தான், ஆனாலும் இந்தக் கணக்கை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு சதவீதக் கரைசல் என்றால் 100 மில்லியில் 1 கிராம். அதாவது 1 மில்லியில் 10 மில்லிகிராம். கண் மருந்துப் பாட்டிலில் 1 மில்லிக்குச் சுமார் 20 சொட்டு. எனவே ஒரு சொட்டில் அரை மில்லிகிராம். இப்போது ஆஸ்பத்திரி அலமாரியைத் திறந்து ஊசி போடுகிற அட்ரோபின் குப்பியைப் பாருங்கள். நம் நாட்டில் வழக்கமாகக் கிடைப்பதில் 0.6 மில்லிகிராம். பெரிய ஆளுக்கு ரத்தத்தில் ஏற்றுகிற ஒரு குப்பிக்குக் கிட்டத்தட்டச் சமமானது கண்ணில் விடுகிற ஒரே ஒரு சொட்டு! குழந்தைக்கு ஊசியாகப் போட்டால் எடையில் கிலோவுக்கு 0.02 மில்லிகிராம் என்பது கணக்கு. 5 கிலோ குழந்தைக்கு 0.1 மில்லிகிராம். அந்தக் குழந்தையின் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு விட்டால் 1 மில்லிகிராம், பத்து மடங்கு.

"கண்ணில்தானே சார் விடுகிறோம், ரத்தத்துக்கு எப்படிப் போகும்?" நல்ல கேள்வி. அழுதால் ஏன் மூக்கு ஒழுகுகிறது என்று யோசித்துப் பாருங்கள். கண்ணின் உள்மூலையில் இரண்டு சின்னத் துளைகள். அங்கிருந்து ஒரு குழாய் நேராக மூக்குக்குள் இறங்குகிறது. கண் மருந்து போட்ட கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசக்கிறதே, அது அந்த வழியாக வந்ததுதான். மூக்கின் உள்தோல் மெல்லியது, ரத்தக்குழாய்கள் நிறைந்தது. அங்கே உறிஞ்சப்படுவது, மாத்திரையைப் போல ஈரலுக்கு முதலில் போய் வடிகட்டப்படாமல், நேராக உடம்பெல்லாம் சுற்ற ஆரம்பித்துவிடும். விட்ட சொட்டு முழுவதும் போவதில்லை. பாதிக்கு மேல் கன்னத்தில் வழிந்துவிடும். ஆனால் போகிற பங்கு எவ்வளவு என்பது அழுகிற குழந்தைக்கும் தூங்குகிற குழந்தைக்கும், சிவந்த கண்ணுக்கும் வெள்ளையான கண்ணுக்கும் வேறு வேறு.

இதனால்தான் சின்னப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி எழுத மூன்று நாள் அட்ரோபின் போடச் சொல்லும்போது டாக்டர்கள் பெரும்பாலும் சொட்டாகக் கொடுக்காமல் களிம்பாகக் கொடுக்கிறார்கள். களிம்பு மூக்குக்குள் எளிதில் ஓடாது. அப்படிப் போட்ட பிள்ளைக்கு முகம் சிவந்து, காய்ச்சல் மாதிரி உடம்பு சுட்டால், அதுவும் நம்மூர்ச் சித்திரை வெயிலில், பாராசிட்டமால் கொடுத்துப் படுக்கவைக்காமல் மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். வியர்வையை நிறுத்துகிற மருந்து அது. ஊமத்தைதான், அளந்து புட்டியில் அடைத்த ஊமத்தை. சைக்ளோபென்டோலேட் போட்ட சில பிள்ளைகள் கொஞ்ச நேரம் பிதற்றுவதும், நிலைகொள்ளாமல் ஓடுவதும், மாறாகத் தூங்கி வழிவதும் உண்டு. கைக்குழந்தைக்கு அதற்குப் பின் சில மணி நேரம் பால் கொடுக்காமல் இருக்கச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது, குடலும் மந்தமாகிவிடும்.

இது முதல் வகையின் கதை. இரண்டாம் வகையின் கதை இன்னும் கொஞ்சம் இருண்டது.

ஃபினைலெஃப்ரின் குடைக்கம்பித் தசையை இழுக்கச் சொல்லும் மருந்து. தெருநாய் துரத்தும்போது உடம்பு தனக்குத்தானே கொடுக்கிற கட்டளைகளில் அதுவும் ஒன்று. அதே கட்டளை ரத்தக்குழாய்களுக்குப் போனால் அவை இறுகும். இறுகினால் பிரஷர் ஏறும். ஒரு காலத்தில் 10 சதவீதச் சொட்டு எல்லா இடத்திலும் புழங்கியது. சீக்கிரம் விரியும், நன்றாக விரியும், ஆபரேஷன் செய்பவருக்கு வசதி. நமது கணக்கின்படி ஒரு சொட்டில் 5 மில்லிகிராம். 1978இல் அமெரிக்காவில் ஃப்ரான்ஃபெல்டர், ஸ்காஃபிடி என்ற இருவர், 10 சதவீதச் சொட்டு விட்ட பிறகு உடல்நிலை மோசமானவர்கள் 32 பேரின் விவரத்தைச் சேர்த்து வெளியிட்டார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். மாரடைப்பு வந்தவர்கள் இருந்தார்கள், இறந்தவர்களும் இருந்தார்கள். தனித்தனி ஊரில் தனித்தனியாக நடந்தபோது ஒவ்வொன்றும் தலைவிதி. ஒரு தாளில் வரிசையாக எழுதியபோதுதான் அது மருந்து என்று தெரிந்தது. அதிலிருந்து 10 சதவீதம் குழந்தைகள் பக்கம் போகக் கூடாது, 2.5 சதவீதம் போதும் என்ற எண்ணம் வேரூன்றியது.

அடுத்த பாடம் கண்ணிலிருந்து வரவில்லை, மூக்கு–தொண்டைப் பக்கமிருந்து வந்தது. 1990களில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு குழந்தைக்கு ஆபரேஷன் நடந்தபோது ரத்தக் கசிவை நிறுத்த இதே ஃபினைலெஃப்ரினைப் பஞ்சில் நனைத்து வைத்தார்கள். பிரஷர் தாறுமாறாக ஏறியது. அதை இறக்க, இதயத்தின் வேகத்தைக் குறைக்கிற மருந்தைக் கொடுத்தார்கள். குழந்தை இறந்துவிட்டது.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பிரஷர் ஏறினால் இறக்க மருந்து கொடுப்பதில் என்ன தப்பு? பம்புசெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே போகிற குழாயின் வால்வை யாரோ இறுக்கிவிட்டார்கள். மோட்டார் முக்கி முனகித் தள்ளுகிறது. இப்போது மோட்டாருக்குப் போகிற கரண்ட்டைக் குறைத்தால் வால்வு திறக்குமா? திறக்காது. மோட்டார் படுத்துவிடும், தண்ணீர் பின்னால் தேங்கும். உடம்பில் அந்தத் தேக்கம் நுரையீரலில் நிகழும். அந்த மரணத்துக்குப் பிறகு மாநில அரசு ஒரு குழு அமைத்தது. குழுவின் வழிகாட்டுதல் 2000ஆம் ஆண்டு மயக்கவியல் இதழில் அச்சானது. சிறு குழந்தைக்கு முதல் அளவு எடையில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. மருந்தின் வேகம் தானே சீக்கிரம் அடங்கும், எனவே மிதமாக ஏறிய பிரஷரைக் கவனித்துக்கொண்டு பொறுத்திருக்கலாம். ரொம்ப ஏறினால் ரத்தக்குழாயைத் தளர்த்துகிற மருந்தைக் கொடுக்க வேண்டும். இதயத்தைத் தளர்த்துகிற மருந்தைத் தொடக் கூடாது. எளிதாகத் தோன்றுகிற இந்தச் சில வரிகளை எழுத ஒரு குழந்தையின் உயிர் போக வேண்டியிருந்தது.

நம் நாட்டில் இப்போது பரவலாகக் கிடைப்பது கலப்புச் சொட்டு. 0.8 சதவீத டிராபிகமைடும் 5 சதவீத ஃபினைலெஃப்ரினும் ஒரே பாட்டிலில். நல்ல மருந்து. நம் கரிய கண்களுக்குப் பொருத்தம், டிராபிகமைடின் வேலையும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் கணக்கை மறக்கக் கூடாது. ஒரு சொட்டில் 2.5 மில்லிகிராம் ஃபினைலெஃப்ரின். இரண்டு கண், மூன்று தடவை என்றால் 15 மில்லிகிராம். ஆபரேஷனின்போது பெரிய ஆளுக்குப் பிரஷர் இறங்கினால் மயக்க மருத்துவர் ஊசியில் கொடுக்கிற அதே மருந்தின் அளவு ஒரு தடவைக்கு 0.1 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். கண்ணில் விட்டதெல்லாம் ரத்தத்துக்குப் போகாது என்று முன்பே சொன்னேன். இருந்தாலும் 150 மடங்கு வித்தியாசம் என்றால் அதில் ஒரு சிறு பங்கு போனாலே போதுமே.

அதனால்தான் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் விழித்திரையைப் பரிசோதிக்கும்போது நம் டாக்டர்கள் இந்தப் பாட்டிலை அப்படியே பயன்படுத்துவதில்லை. செயற்கைக் கண்ணீர்ச் சொட்டைச் சம அளவு கலந்து பாதி வீரியமாக்கிக்கொள்கிறார்கள். ஆடம்பரமான கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ எடையில் இருக்கிற உயிருக்கு மோரில் தண்ணீர் கலப்பது போலக் கலந்து கொடுக்கிறார்கள். சொட்டு விட்டதும் வழிந்ததைத் துடைத்துவிட்டு, கண்ணின் உள்மூலையை விரல் நுனியால் இரண்டு மூன்று நிமிடம் மெல்ல அழுத்திப் பிடிப்பதும் அதே போலத்தான். மூக்குக்குப் போகிற வழியை அடைத்துவிடுகிறது அந்த விரல். எத்தனையோ ஆராய்ச்சிகளுக்கு நடுவே எனக்கு மிகவும் பிடித்தது இந்த விரல்தான்.

இத்தனையும் சரி. எல்லாக் குழந்தைக்கும் ஆபத்து ஒரே அளவா என்றால் இல்லை. நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இனிமேல்தான் வருகிறது.

1941இல் ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் டாக்டர், அந்த ஆண்டு இத்தனை கைக்குழந்தைகளுக்கு ஏன் பிறவிப் புரை என்று குழம்பினார். விசாரித்ததில், தாய்மார்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா என்கிற லேசான அம்மை வந்திருந்தது. பெரியவர்களுக்கு இரண்டு மூன்று நாள் தடிப்பு, கொஞ்சம் காய்ச்சல், அவ்வளவுதான். கருவுக்குத்தான் அது காலன். கிரெக் திரட்டிய 78 குழந்தைகளில் பலருக்கு இதயக் கோளாறும் இருந்தது. 1964–65இல் அமெரிக்காவில் அந்த நோய் பரவியபோது சுமார் 20,000 குழந்தைகள் இப்படிப் பாதிக்கப்பட்டுப் பிறந்தார்கள். 1969இல் அங்கே தடுப்பூசி வந்துவிட்டது.

நம் பக்கம்? 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் காரைக்குடி, தேவகோட்டையிலிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாகப் பஸ் ஏறிப் போகாத குடும்பம் உண்டா? அங்கே 1990களில் புரையோடு வந்த 366 குழந்தைகளை ஆராய்ந்து, 1996இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வயதுக்குள் இருந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் காரணம் ருபெல்லா. கிரெக் கண்டுபிடித்து அரை நூற்றாண்டு ஆன பிறகும், நம் வாசலில்!

இப்போது இரண்டு செய்திகளைச் சேர்த்துப் பாருங்கள். ருபெல்லாவால் புரை வந்த கண்ணில் ஐரிஸும் சரியாக வளர்ந்திருக்காது. சொட்டு விட்டால் பாப்பா சரியாக விரியாது. விரியவில்லையே என்று இன்னொரு சொட்டு, இன்னும் ஒன்று என்று கை போகும். அதே குழந்தைக்கு, பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய இதயக் குழாய் மூடாமல் இருக்கலாம், நுரையீரலுக்குப் போகிற ரத்தக்குழாய் குறுகியிருக்கலாம். மருந்து அதிகம் கேட்கிற கண்ணும், மருந்தைத் தாங்காத இதயமும் ஒரே குழந்தையிடம். எடையும் குறைவாகவே இருக்கும். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு வளரட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. முதல் சில மாதங்களில் வெளிச்சம் உள்ளே போகாத கண் சோம்பிப்போய்விடும். பிறகு லென்ஸை எடுத்தாலும் மூளை பார்க்கக் கற்றுக்கொள்ளாது. மயக்கத்தில் கிடக்கிற குழந்தை நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லவும் சொல்லாது. மானிட்டர்தான் சொல்ல வேண்டும். அதைப் பார்க்கிற மயக்க மருத்துவருக்கு, கண்ணில் எத்தனை சொட்டு விட்டார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இதற்குச் சர்ஜன்கள் கண்ட வழி, சொட்டைக் கூட்டாமல் வேறு விதமாகப் பாப்பாவைப் பிடித்து வைப்பது. கண்ணுக்குள் ஓடவிடுகிற திரவத்தில் 10 லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு அட்ரினலின் கலப்பார்கள். அது ஐரிஸின் மேலேயே நேராக வேலை செய்வதால் மிகக் குறைவாகவே போதும். அப்படியும் விரியாவிட்டால் நுண்ணிய கொக்கிகளால் ஐரிஸின் விளிம்பை நாலு பக்கமும் இழுத்து மாட்டிவிடுவார்கள். கூடாரம் போடும்போது முளையடித்துக் கட்டுவோமே, அப்படி. அமெரிக்காவில் ஃபினைலெஃப்ரினையும் ஒரு வலி மருந்தையும் சேர்த்து, கண்ணுக்குள் ஓடும் திரவத்தில் கலக்கிற மருந்தை 2014இல் பெரியவர்களுக்கும், 2017 கடைசியில் குழந்தைகளுக்கும் அனுமதித்தார்கள். குழந்தைகளில் தனியாகச் சோதித்துப் பார்த்துவிட்டே அனுமதித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பெரியவர் மருந்தைப் பாதியாக்கிக் கொடுத்துவிடலாம் என்ற பழைய பழக்கம் மெல்ல மறைகிறது.

அந்த 2017ஆம் ஆண்டை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். பிப்ரவரி 6ஆம் தேதி தமிழ்நாட்டில் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதத்திலிருந்து 15 வயது வரை எல்லோருக்கும். நாட்டிலேயே முதலில் தொடங்கிய மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கு ஓடிய ஆடியோக்கள் எத்தனை! "பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதீங்க, ஊசி போட்டா குழந்தை பிறக்காது" என்று யாரோ முகம் தெரியாதவர் அழுகிற குரலில் பேசியதைப் படித்தவர்களே அனுப்பினீர்கள். யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது, பெயர் சொல்லவில்லை. அந்த ஊசி, பிறக்கப்போகிற குழந்தையின் கண்ணுக்காகவும் இதயத்துக்காகவும் போட்டது. ருபெல்லாப் புரை வராவிட்டால் விரியாத பாப்பாவும் இல்லை, அதன்மேல் சொட்டு சொட்டாக விட வேண்டிய அவசியமும் இல்லை. கல்யாணத்துக்கு நிற்கிற மாணவிகள், அந்த ஊசி போட்டிருக்கிறதா என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். போடவில்லை என்றால் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள். கர்ப்பமான பிறகு அந்த ஊசி போடுவதில்லை.

பெங்களூர் மாணவிக்குச் சொன்னதை மற்றவர்களுக்காகவும் எழுதிவிடுகிறேன். ஆபரேஷனுக்கு முன் குழந்தையின் இதயத்தைக் குழந்தை மருத்துவரிடம் காட்டி, எதிரொலிப் படம் தேவையா என்று கேளுங்கள். குறைமாதப் பிறப்பு, டவுன் சின்ட்ரோம், வலிப்பு, இதயத்தில் சத்தம் கேட்கிறது என்று எப்போதாவது யாராவது சொன்னது, இவற்றில் எது இருந்தாலும் கண் டாக்டருக்கும் மயக்க மருத்துவருக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஒருவரிடம் சொன்னது இன்னொருவருக்குப் போயிருக்கும் என்று இருந்துவிடாதீர்கள். வார்டில் நர்ஸம்மா சொட்டு விடும்போது எந்த மருந்து, எத்தனை சதவீதம், எத்தனை தடவை என்று கேட்டு ஒரு துண்டுத்தாளில் நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பாப்பா விரியவில்லை என்று நீங்களாக ஒரு சொட்டும் விடக் கூடாது. ஷிஃப்ட் மாறும்போது விட்ட சொட்டை இன்னொருவர் மறுபடி விடப்போனால் அந்தத் தாளைக் காட்டலாம். சரபோஜி மன்னர் செய்த வேலைதான்.

வீட்டுக்கு வந்த பிறகு அட்ரோபின் போட்டிருந்தால் ஒன்றிரண்டு வாரம் வரை பாப்பா விரிந்தே இருக்கும். வெயிலில் பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிணுங்கும், பயப்பட வேண்டாம். நிழலில் வைத்திருங்கள், தொப்பி போடுங்கள். மருந்துப் பாட்டிலை மூத்த பிள்ளையின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், குடித்தால் ஊமத்தங்காய் தின்ற கதைதான்.

நீளமாகப் போய்விட்டது. சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள். மதியம் 2 மணியிலிருந்து 4 மணி வரை தூங்குவேன், அப்போது மட்டும் போன் வேண்டாம்.